முன்வரிசை மேல் முழு நம்பிக்கை
சொந்தமாக ஒரு தொழில்முறை கால்பந்து அணி இல்லாத அந்தமானில், கொல்கத்தா, சென்னை அணிகளின் ஸ்ட்ரைக்கர்கள்தான் ரசிகர்களின் ஆசைக்கு ஆதாரம். புள்ளிப் பட்டியல் ஆண்டுதோறும் கைவிட்டாலும் ஆசை குறைவதில்லை.

டிசம்பரில் அந்தமானில் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். ஆனால் கடிகாரம் என்னவோ 'மெயின்லேண்டின்' கடிகாரம்தான். இந்தியப் பெருநிலத்தைத் தீவுக்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். எனவே இந்தியன் சூப்பர் லீக் ஆட்டம் ஏழரை மணிக்குத் தொடங்கும்போது இங்கே இருட்டி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆடும் அணியில் தீவின் பெயர் இருக்காது. மைதானம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். இருந்தாலும் பந்து ஸ்ட்ரைக்கரின் காலுக்கு வந்ததும் மூச்சு நின்றுபோவது கொல்கத்தா ரசிகருக்கு மட்டும் சொந்தமான வியாதியல்ல.

2024இல் அந்த மூச்சுக்கு நல்ல காரணம் இருந்தது. ஈஸ்ட் பெங்கால் கிளப் அந்த ஆண்டு வாங்கிய ஆட்டக்காரர்களின் பட்டியலைப் பார்த்தவர்கள் கோப்பையை வைக்க அலமாரியைத் துடைத்திருப்பார்கள். கிரேக்கரான திமித்ரியோஸ் தியமந்தகோஸ், அதற்கு முந்தைய பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுக்காக 13 கோல் அடித்து லீகின் தங்கக் காலணியை வென்றவர். பிரெஞ்சுக்காரரான மாதி தலால், பஞ்சாப் அணிக்கு ஆடியபோது மற்றவர்கள் கோல் அடிக்க அதிகமுறை பந்து எடுத்துக் கொடுத்தவர். ஏற்கெனவே அணியில் இருந்த பிரேசில் நாட்டு கிளெய்டன் சில்வா, 2022-23 பருவத்தில் 12 கோல் போட்டவர். 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் ஒடிஷாவை வீழ்த்தி சூப்பர் கோப்பையைக் கொண்டுவந்த வெற்றி கோலும் அவருடையது. பந்தைக் கொடுப்பவர், வாங்குபவர், முடிப்பவர் என்று எல்லோரும் ஒரே அணியில். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நடந்தது வேறு. லீகின் முதல் ஆறு ஆட்டங்களிலும் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. பயிற்சியாளர் கார்லெஸ் குவாத்ராத் மூன்றாவது தோல்வியோடு விடைபெற்றார். பின்னர் வந்த ஆஸ்கார் புருசோனின் கீழ் அணி பூட்டானில் நடந்த ஆசிய சேலஞ்ச் லீகில் எழுந்து நின்றது. வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4-0 என்று நொறுக்கி, காலிறுதிக்கும் போனது. போன ஆசை திரும்பி வந்தது. டிசம்பரில் தலால் முழங்கால் காயத்தால் பருவத்தையே இழந்தார். முடிவில் கிடைத்தது ஒன்பதாவது இடம்.

அகதிகளின் கிளப்

கொல்கத்தா கிளப் ஒன்று தோற்றால் அந்தமானில் ஏன் வலிக்க வேண்டும்? விடை 1949இல் இருக்கிறது. பிரிவினையில் வீடிழந்த கிழக்கு வங்கக் குடும்பங்களை மத்திய அரசு அந்த ஆண்டு முதல் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பத் தொடங்கியது. காட்டைத் திருத்தி நெல் விதைத்தவர்கள் அவர்கள். நீல் தீவு, ஹேவ்லாக், டிக்லிபூர் எனப் பல இடங்களில் இன்றும் வங்காளம்தான் வீட்டு மொழி. 2011 கணக்கெடுப்பின்போது தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். அதில் நான்கில் ஒருவருக்கு மேல் வங்காளத்தைத் தாய்மொழியாகச் சொன்னார்கள்.

1920இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால், பிரிவினைக்குப் பிறகு இப்படி ஊர் இழந்தவர்களின் கிளப் ஆகிவிட்டது. விட்டுவந்த நிலத்தின் பெயர் கடைசியாக மிச்சமிருந்த இடம் அந்த ஜெர்சிதான். ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன் வேண்டும். எதிரி மோகன் பகான் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இறால். இது கொல்கத்தாவின் எழுதாத சட்டம்.

முன்வரிசை மேல் இந்தக் கூட்டத்துக்கு உள்ள பித்துக்கும் அதே 1949தான் தொடக்கம். அந்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்ட், ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் அள்ளியது. தாக்குதலில் ஐந்து பேர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ரசிகர்கள் வைத்த பெயர் 'பஞ்ச பாண்டவர்'. 1953 வரை சேர்ந்து ஆடிய இந்த ஐவருமே தென்னிந்தியர்கள் என்பது தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். தாத்தா அந்த ஐவரைச் சொல்லி வளர்த்த வீட்டில், பேரன் ஒவ்வொரு கோடையிலும் புது வரவுகளின் பட்டியலில் ஆறாவது பாண்டவரைத் தேடுகிறான்.

தமிழர் பக்கம்

தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழர்கள். வியாபாரம், அரசு வேலை, கட்டட வேலை என்று வந்தவர்கள் பெரும்பாலோர்; கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் வந்து சேர்ந்தன. சென்னைக்குக் கப்பலில் போக ஏறக்குறைய மூன்று நாள். 2014இல் சென்னையின் எஃப்.சி. பிறந்தபோது இவர்களுக்கும் கட்சி கட்ட ஓர் அணி கிடைத்தது.

இந்த அணியின் ரசிகரிடம் நம்பிக்கையை விடச் சொல்வது கஷ்டம். 2015இல் கடைசி இடத்துக்குச் சரிந்த அணி, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்ததால் சொந்த ஊர் அரையிறுதி புனேக்குப் போனது. கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் 87வது நிமிடத்தில் பின்தங்கிய அணி, காயநேரத்தில் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலால் 3-2 என்று கோப்பையை எடுத்தது. அந்தப் பருவத்தில் 13 கோல் அடித்த கொலம்பியர் அவர். 2018இல் இரண்டாவது கோப்பை. அதற்கு அடுத்த பருவத்திலேயே கடைசி இடம்! 2019-20இல் லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து மீண்டும் இறுதிக்கு இழுத்துச் சென்றார். அவர் போனதும் அடுத்த பருவத்தில் 20 ஆட்டங்களில் வெறும் 17 கோல், 11 டிரா.

இப்படி ஏறி இறங்கும் அணியின் ரசிகர் கடைசி இடத்தைப் பார்த்தால் 2015ஐ நினைத்துக்கொள்வார். தர்க்கப்படி அதில் தவறும் இல்லை.

2024-25இல் இரு அணிகளும் ஒன்றையொன்று மாறி மாறி அடித்தன. டிசம்பரில் சென்னைக்கு வந்து ஈஸ்ட் பெங்கால் 2-0 என்று ஜெயித்தது. பிப்ரவரியில் கொல்கத்தாவுக்குப் போய் சென்னை 3-0 என்று கணக்கைத் தீர்த்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வங்காளியும் தமிழரும் வாழும் தீவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பங்கீடு இல்லை. பருவம் முடிந்தபோது ஒன்று ஒன்பதாவது, மற்றது பதினொன்றாவது.

கடலடியில் வந்த கால்பந்து

இந்த ஆசைக்கு ஒரு கம்பியும் காரணம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடி கண்ணாடியிழை கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர் தொடங்கி கார் நிகோபார், கிரேட் நிகோபார் வரை அது போகிறது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த இணையத்தில் ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பது பொறுமைக்குச் சோதனை.

கேபிள் வந்து மூன்று மாதம் கழிந்து சில நாட்களிலேயே, நவம்பர் 20 அன்று லீக் தொடங்கியது. ஈஸ்ட் பெங்காலுக்கு அது முதல் பருவம். கொரோனா காரணமாக எல்லா ஆட்டங்களும் கோவாவில், பார்வையாளர்கள் இல்லாமல். அந்த ஓர் ஆண்டு கொல்கத்தா ரசிகரும் சென்னை ரசிகரும் அந்தமான் ரசிகரும் சமமானார்கள். எல்லோருக்கும் திரை மட்டுமே.

எங்கே தப்புகிறது?

ரசிகர்களின் கணக்கு பொய்ப்பதற்குக் காரணம் ரகசியமல்ல. ஸ்ட்ரைக்கர் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. 2024இல் தோற்ற அந்த ஆறு ஆட்டங்களில் ஈஸ்ட் பெங்கால் அடித்தது 4 கோல், வாங்கியது 12. ஓட்டைப் பானையில் எத்தனை குடம் ஊற்றினால் என்ன? முந்தைய ஆண்டின் கோல் எண்ணிக்கையைக் கிளப் விலைக்கு வாங்கலாம். அந்தக் கோல்களுக்குப் பந்து கொண்டுவந்த பத்துப் பேரை வாங்க முடியாது.

சென்னையின் கதை இன்னொரு வகை. 2024-25இல் ஸ்காட்லாந்தின் கானர் ஷீல்ட்ஸ் வாய்ப்பு மேல் வாய்ப்பாக உருவாக்கிக்கொண்டிருந்தார். வாங்கி முடிக்கும் கால்கள்தான் போதவில்லை.

ஆனால் ரசிகர்கள் பின்வரிசையைப் பார்த்து ஆசைப்படுவதில்லை. தடுப்பாட்டக்காரர் நன்றாக ஆடினால் எதுவும் நடக்காது. ஸ்ட்ரைக்கர் ஒரே நொடியில் எல்லாவற்றையும் மாற்றுவார். 2025 ஆகஸ்ட் 17 அன்று டுராண்ட் கோப்பைக் காலிறுதியில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் ஓராண்டாகத் திட்டு வாங்கிய தியமந்தகோஸ் அடித்தவை. சில நாட்களில், அரையிறுதியில் புதிய அணியான டயமண்ட் ஹார்பரிடம் தோல்வி. நம்பிக்கையின் முழு வாழ்க்கையும் ஒரே வாரத்தில். அதன்பின் வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் லீகே தள்ளிப்போனதால், நம்பிக்கை மட்டும் களமில்லாமல் காத்திருந்தது.

சொந்தப் பெயர் எப்போது?

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. கார் நிகோபாரில் கால்பந்து கிராமத்து விளையாட்டு. தென்னைகளுக்கு நடுவே பையன்கள் வெறுங்காலில் பந்தாடும் தீவு அது. அப்படியிருந்தும் தீவுகளிலிருந்து ஓர் அணி இந்தியாவின் உச்ச லீகில் ஆடியதில்லை. திறமையுள்ள பையன் முதலில் கடலைக் கடக்க வேண்டும்.

வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதைச் சைக்கிள் பந்தயம் காட்டியிருக்கிறது. 2004 சுனாமியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பிய கார் நிகோபார் சிறுமி டெபோரா ஹெரால்ட், பின்னர் இந்தியாவின் முன்னணி சைக்கிள் வீராங்கனையானார். அதே தீவுக்கூட்டத்தின் ஏசோ ஆல்பன் 2018இல் உலக ஜூனியர் டிராக் போட்டியில் வெள்ளி வென்றார். அவர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுக்க ஆள் இருந்தார்கள். கால்பந்தில் அந்தத் தேடல் அதே அழுத்தத்தோடு நடக்கவில்லை.

அதனால்தான் தீவுகளின் ஆசை இரவல் பெயர்களின் மேல் ஏறிக் கடல் கடக்கிறது. கிரேக்கர் வருவார், பிரேசில்காரர் வருவார், பட்டியல் வெளியாகும், இந்த வருஷம் நமதே என்று பேச்சு கிளம்பும். தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒருநாள் ஒரு நிகோபாரிப் பெயரும் இருந்தால், தீவுகள் முதல்முறையாகத் தங்கள் சொந்தக் காலை நம்பி மூச்சைப் பிடிக்கும்.