ஏசி போட்டால் இன்ஜின் ஏன் திணறுகிறது?

சிக்னலில் நிற்கிறீர்கள். ஏசி பட்டனை அழுத்தியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம். ஆர்பிஎம் முள் 800-லிருந்து 500-க்குச் சரிகிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது.

அந்த ‘டக்’, கம்ப்ரசரின் காந்த கிளட்ச் ஒட்டும் சத்தம். அந்த நொடி முதல் பெல்ட் வழியாகக் கம்ப்ரசரையும் இன்ஜின்தான் சுழற்ற வேண்டும். ஐடிலிங்கில் அதனிடம் இருக்கும் தெம்போ கொஞ்சம். அதனால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ முன்கூட்டியே கூடுதல் காற்றை உள்ளே விட்டு, பெட்ரோலையும் கூட்டும்.

வில்லங்கம் பெரும்பாலும் அந்தக் காற்று வரும் வழியில்தான். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு ஐடிலிங்கில் மயிரிழை அளவே திறந்திருக்கும். எண்ணெய்ப் புகை படிந்து விளிம்பில் கரி கட்டினால் அந்த இடுக்கும் அடைபடும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிப் பாருங்கள், தட்டைச் சுற்றிக் கருவளையம் தெரியும். இன்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் பாடி கிளீனரில் நனைத்த துணியால் துடைக்கலாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தட்டை விரலால் தள்ளாதீர்கள். உள்ளிருக்கும் பல்சக்கரம் போய்விடலாம். துடைத்த பின் பல கார்களில் ஐடில் அளவை ஈசியூவுக்கு மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.

முள் அசையவில்லை, வண்டி மட்டும் அதிர்கிறதா? முதலில் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.