சென்னை மாநகரும் தமிழ்ச் சித்திரக்கதைகளும்

முன்னுரை

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் ஓர் அரிய காட்சி உண்டு. திருப்பரங்குன்றத்திற்கு வந்தவர்கள் அங்குத் தீட்டப்பட்டுள்ள ஓவியங்களைச் சுட்டிக்காட்டி, இவர் யார், இவள் யார் என வினவுகின்றனர். அறிந்தோர் இந்திரன், அகலிகை, கௌதமர் எனக் கதையை விளக்குகின்றனர். படமும் கதையும் இணைந்து மக்களுக்கு இன்பம் தந்தமைக்குத் தமிழில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் இதுவும் ஒன்று. படத்தைக் கண்டு கதையை அறியும் வேட்கை தமிழர்க்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் சித்திரக்கதை என்றவுடன் முகம் சுளிக்கும் பழக்கம் ஆசிரியப் பெருமக்களாகிய நம்மிடமும் பெற்றோரிடமும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அப்பழக்கம் சரிதானா என்பதைச் சென்னை மாநகரை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கன்னித்தீவும் எம் பாட்டனாரும்

தினத்தந்தி நாளிதழில் 1960களின் தொடக்கத்திலிருந்து வெளிவரும் ‘கன்னித்தீவு’ தொடரை அறியாத தமிழர் இலர். மந்திரவாதி மூசாவால் உருச்சுருக்கப்பட்ட லைலாவை மீட்கப் புறப்பட்ட சிந்துபாத்தின் கதை அது. சிந்துபாத் என்னும் பெயர் அரபு மொழியின் ‘ஆயிரத்தோர் இரவுகள்’ கதைத் தொகுதியிலிருந்து வந்தது. பஸ்ரா நகரத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய வணிகன், தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலா வருவது வியப்பிற்குரியது.

எம் பாட்டனார்க்குக் கண்பார்வை மங்கிய காலத்தில் நாளிதழைப் படித்துக் காட்டும் பணி எமக்கு வாய்த்தது. முதலில் மரண அறிவிப்புகள், பின்னர் அரசியல், நிறைவாகக் கன்னித்தீவு. மூன்று கட்டங்களையும் படித்து, படத்தில் உள்ளதையும் சொல்ல வேண்டும். “வாயால் படிச்சிட்டே, படத்துல என்ன இருக்குன்னு சொல்லலியே!” என்று அவர் அதட்டுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தைக் கடந்து, பொருளுணர்ந்து படிக்கும் பருவத்தை யாம் எய்தியது அத்திண்ணையிலேதான். பாட்டனார் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சிந்துபாத் இன்னும் கரை சேரவில்லை.

சிவகாசியில் பிறந்து சென்னையில் வளர்ந்தவை

தமிழ்ச் சித்திரக்கதையின் வரலாற்றைச் சிவகாசியை விடுத்து எழுத இயலாது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டும். வண்ணச் சீட்டுக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு வளர்ந்த அச்சுத்தொழிலின் மடியில் 1972இல் பிறந்ததே ‘முத்து காமிக்ஸ்’. இதனைத் தொடங்கியவர் மு. சௌந்தரபாண்டியன். தொடக்கக் காலத்தில் ஆசிரியப் பொறுப்பேற்றுத் தமிழ் நடைக்கு வழிவகுத்தவர் முல்லை தங்கராசன். முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்டவன், மின்சாரம் பாய்ந்தால் அக்கை ஒன்று மட்டும் தெரிய உடல் முழுதும் மறைந்துபோகிறான். 1962இல் தொடங்கப்பெற்ற ‘வேலியண்ட்’ என்னும் பிரித்தானிய இதழில் ஹெசுஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர் தீட்டிய படைப்பு இது. தாயகத்தில் அவனை மறந்தோர் பலராயினும், தமிழகத்தில் அவன் இன்றும் மறக்கப்படாதவன்.

1984ஆம் ஆண்டு இத்துறையின் பொற்காலத் தொடக்கம் எனலாம். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் இருபது வயதை எட்டுமுன்பே ‘லயன் காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ‘ராணி காமிக்ஸ்’ வெளிவந்தது. வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்ட ‘பூந்தளிர்’ இதழும் அதே ஆண்டில் மலர்ந்தது. லயன் இதழில் வந்த ‘ஸ்பைடர்’ கதைகளுள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவராகிய ஜெர்ரி சீகல் என்பதை அன்று சிறுவர்களாகிய நாம் அறிந்திலோம். இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தின் லக்கி லூக் ஆகியோரும் தமிழ் பேசத் தொடங்கினர்.

மொழிபெயர்ப்பு நுட்பம்

தமிழ் பயில்வோர் கருத்தில் கொள்ளத்தக்கது இப்பகுதியே. சித்திரக்கதையில் உரையாடல் ஒரு குமிழிக்குள் அடங்க வேண்டும். அக்குமிழி அயல்மொழிச் சொற்களின் அளவை நோக்கி வரையப்பட்டது. தமிழ்ச் சொற்களோ ஒட்டுகள் சேர்ந்து நீளும் இயல்பின. அயல் எழுத்தை அகற்றிய அதே இடத்தில் தமிழை அடக்க வேண்டுமாயின், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே இட வேண்டும். நன்னூலார் கூறும் பத்து அழகுகளுள் முதலிரண்டு சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஆகும். இவ்விரண்டையும் இலக்கண நூல் படியாமலேயே கடைப்பிடித்தவர்கள் சித்திரக்கதை மொழிபெயர்ப்பாளர்கள்.

அடுத்து ஒலிக்குறிப்புச் சொற்கள். துப்பாக்கி ‘டுமீல்’ என வெடிக்கிறது; கதவு ‘க்ரீச்’ என்கிறது; வாள் ‘ணங்’ என மோதுகிறது; விழுந்தவன் ‘பொத்’தென விழுகிறான்; குதிரை ‘டக் டக்’ என ஓடுகிறது. இசை பற்றியும் குறிப்புப் பற்றியும் வரும் சொற்களைத் தொல்காப்பியர் உரியியலில் பேசுகிறார். இரட்டைக்கிளவிக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் ‘சலசல’, ‘மடமட’ என்பவற்றோடு நம் மாணவர்கள் நின்றுவிடுகின்றனர். ஒரு பழைய முத்து காமிக்ஸைப் புரட்டினால் ஒரு வகுப்பிற்குப் போதுமான எடுத்துக்காட்டுகள் கிடைக்கும்.

மூன்றாவது, பெயரிடும் திறன். ஆங்கிலத்தில் ‘எஃகு நகம்’ எனப் பொருள்படும் பெயர் தமிழில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆயிற்று. மூலத்திலில்லாத ‘மாயாவி’ என்னும் சொல் அவன் மறையும் ஆற்றலை உணர்த்துகிறது. எண் ஒன்றையே பெயராகக் கொண்ட ‘பதின்மூன்று’ என்னும் பெல்ஜியப் படைப்பு ‘இரத்தப் படலம்’ ஆயிற்று. நினைவிழந்த ஒருவன் தன் அடையாளத்தைத் தேடியலையும் அக்கதையின் தொகுப்பு 2010இல் ஒரே பெரும்நூலாக வெளிவந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தமிழ்ச் செவிக்கு ஏற்பப் பெயரிட்டமை போற்றத்தக்கது.

கடைகளும் கண்காட்சிகளும்

அச்சிட்ட இடம் சிவகாசியாயினும், இவற்றைத் தேடுவோர் கூடிய இடம் சென்னையே. 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய நூல்களின் கருவூலமாக விளங்கியது. 1985 மே மாதத்தில் நேர்ந்த தீவிபத்தில் அச்செந்நிறக் கட்டடம் அழிந்தது. கடைகள் பின்னர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்திற்கு மாறின. எரிந்துபோன பழைய நூல்களைக் கணக்கிட்டவர் யார்? திருவல்லிக்கேணிப் பைகிராப்ட்ஸ் சாலையின் நடைபாதைக் கடைகளும், தெருவுக்குத் தெரு இருந்த வாடகை நூல்நிலையங்களும் சித்திரக்கதைகளைக் கைமாற்றி வாழவைத்தன. ஒரு நாளைக்குச் சில காசு கொடுத்து எடுத்துச் சென்ற இதழ், அவ்வொரு நாளில் வீட்டிலும் அண்டையிலும் உள்ள சிறார் அனைவராலும் படிக்கப்பட்டது. அட்டை கிழிந்து, தைத்து, மீண்டும் கிழிந்த இதழ்களே நல்ல கதைக்கு நற்சான்று.

இத்துறைக்கும் நம் சமுதாயத்திற்கும் உள்ள ஒரு தொடர்பை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். சென்னைப் புத்தகக் காட்சி முதன்முதல் 1977 டிசம்பரில், அண்ணா சாலையிலுள்ள மதரஸா-ஐ-ஆஸம் பள்ளி வளாகத்தில், 22 அரங்குகளுடன் நடைபெற்றது. பின்னர் நெடுங்காலம் காயிதே மில்லத் பெயரைத் தாங்கிய மகளிர் கல்லூரி வளாகம் அதற்கு இடமளித்தது. பிற்காலத்தில் நந்தனம் திடலுக்கு மாறி நூற்றுக்கணக்கான அரங்குகளாக வளர்ந்த அப்பெருவிழாவின் முதல் விதை விழுந்த நிலம் எதுவென்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

2005இல் ராணி காமிக்ஸ் நின்றது. தொலைக்காட்சியும் கணினி விளையாட்டும் சிறாரை ஈர்த்தன. லயன், முத்து ஆகியவற்றின் வரவும் அரிதாயிற்று. 2012 சனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி லயன் காமிக்ஸ் சிறப்பிதழ் ஒன்றுடன் மீண்டெழுந்தது. வழவழப்பான தாள், முழுவண்ணம், பெரிய அளவு எனத் தோற்றம் மாறியது, விலையும் உயர்ந்தது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ‘காமிக் கான்’ விழா சென்னைக்கு முதன்முறையாக வந்தது. மேலைநாட்டு, ஜப்பானிய நாயகர்களைப் போல் வேடம் புனைந்த இளைஞர் கூட்டம் அங்குத் திரண்டது.

சென்னையில் 1994இல் தொடங்கப்பெற்ற தாரா பதிப்பகம், வங்கத்துப் பட ஓவியர்களின் கைவண்ணத்தில் ‘சீதையின் இராமாயணம்’ போன்ற சித்திர நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டு உலகப் புகழ் எய்தியது. கோவையின் விடியல் பதிப்பகம், ஈரானியப் பெண்மணி மர்ஜானே சத்ரபி தம் இளமை வாழ்வைத் தாமே வரைந்தெழுதிய நூலைத் தமிழில் தந்தது. போரும் புரட்சியும் ஒரு சிறுமியின் கண்களுக்கு எவ்வாறு தெரிந்தன என்பதைக் காட்டும் அந்நூல், சித்திரக்கதை சிறார்க்கு மட்டுமே உரியதன்று என்பதை மெய்ப்பிக்கிறது.

யாம் செய்த பிழை

பள்ளியில் பயின்றபோது, தமிழ்ப் பாடநூலுக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்த லயன் காமிக்ஸ் ஒன்றை ஆசிரியர் பறித்துக் கிழித்தெறிந்தார். அது வாடகை நூல்நிலையத்து இதழ். அதன் விலையைக் கட்ட அத்தாவிடம் உண்மையைச் சொல்ல நேர்ந்தது. அவர் அடிக்கவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டு, “இனிமே வீட்டுலயே படி” என்று மட்டும் சொன்னார். பின்னாளில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குச் சித்திரக்கதை மொழிநடையை ஆராய விழைந்தோம். “இதெல்லாம் ஓர் ஆய்வா?” என்னும் கேள்விக்கு விடை சொல்லத் துணிவின்றி வேறு தலைப்பை ஏற்றோம்.

இத்தனையும் பட்டறிந்த யாமே, சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவன் மேசைக்கடியில் கைப்பேசியில் ஏதோ பார்ப்பதைக் கண்டு சினந்து பிடுங்கினோம். திரையில் இருந்தது ஆங்கிலத்தில் அமைந்த ஜப்பானியச் சித்திரக்கதை. தமிழில் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க இயலாத மாணவன் அவன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கேட்டான்: “சார், இந்த மாதிரி தமிழ்ல வருமா?”

மறுநாள் வீட்டுப் பரணிலிருந்து பழைய இதழ்கள் நான்கினை எடுத்து வந்து கொடுத்தோம். முதல் இதழுக்கு அவனுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நான்காவதை ஒரே இரவில் முடித்துவிட்டு வந்து, “‘கபளீகரம்’னா என்ன சார்?” என்று வினவினான். பாடநூலிலிருந்து அவன் ஒருநாளும் சொற்பொருள் கேட்டதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. சித்திரக்கதை தமிழைக் கெடுக்கவில்லை. ஒரு தலைமுறைக்குத் தமிழ் வாசிப்பைக் கற்பித்தது. ஆனால் அத்தலைமுறைக்கு இன்று வயது நாற்பதும் ஐம்பதும் ஆகிவிட்டது. புத்தகக் காட்சியில் சித்திரக்கதை அரங்கின்முன் நிற்போருள் தலை நரைத்தவர்களே மிகுதியாக இருக்கக் காண்கிறோம். அவர்கள் கையைப் பிடித்துவரும் பிள்ளைகள் ஆங்கில நூல்களை நோக்கி இழுக்கின்றனர். விலையுயர்ந்த வண்ண நூல்களைச் சேர்ப்போர் உளர். சில காசுக்கு வாடகைக்கு எடுத்துப் படிக்கும் ஏழைச் சிறுவனுக்கு அவ்வாயில் அடைபட்டுவிட்டது. இதுவே நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, சமுதாயப் பெரியவர்களுக்கு: வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய இதழ்களை எடைக்குப் போடாமல் நம் கல்லூரி நூலகத்திற்கு அளியுங்கள். கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் பாடிக் கேட்டு வளர்ந்தது நம் சமுதாயம். மக்கள் விரும்பிய எளிய கதைகள் என அவற்றை ஒதுக்கியிருந்தால் இசுலாமியத் தமிழிலக்கியத்தின் ஒரு பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது. இரண்டாவது, உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு: மாணவர் கையில் சித்திரக்கதையைக் கண்டால், பிடுங்குமுன் ஒரு பக்கத்தையேனும் படித்துப் பாருங்கள். மூன்றாவது, மாணவச் செல்வங்களுக்கு: வரையத் தெரிந்தவர் வரையுங்கள், எழுதத் தெரிந்தவர் எழுதுங்கள். தமிழில் வந்த சித்திரக்கதைகளுள் பெரும்பாலானவை பிற நாட்டார் படைத்தவை. நம் ஊரும், நம் தெருவும், நம் பாட்டனாரின் திண்ணையும் இன்னும் போதிய அளவு வரையப்படவில்லை.

அம்மாணவனிடம் இப்போது எம்முடைய இதழ்கள் பதினொன்று இருக்கின்றன. திருப்பிக் கேட்கும் எண்ணம் எமக்கில்லை. வேறொருவர்க்குக் கொடுக்குமாறு மட்டும் சொல்லியிருக்கிறோம்.