பில் ஒன்றானது, பார்ட் நம்பர்?

சென்னை அருகே ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். இந்தத் தடத்தில் பிராக்கெட் அடித்துத் தரும் பட்டறை, இரண்டு மூன்று கம்பெனிகளுக்காவது வெண்டராக இருக்கும். பட்டறைக் கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில். வாங்கும் கம்பெனியின் கணக்கோ எஸ்.ஏ.பி. மாதிரிப் பெரிய மென்பொருள் ஒன்றில். பட்டறையில் ஒருவர் அடித்த பில்லை, ஸ்டோர்ஸில் இன்னொருவர் பார்த்து மறுபடி அடிப்பார். ஒரு எழுத்து மாறினாலும் பணம் நின்றுவிடும்.

இதில் பாதியைத் தீர்த்து வைத்தது எந்த மென்பொருள் கம்பெனியும் இல்லை, ஜி.எஸ்.டி. 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-இல் வரம்பு 5 கோடிக்கு வந்தது. யாரையும் டேலியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. பில்லில் என்னென்ன விவரம், எந்தப் பெயரில், எந்த வடிவில் என்பதை மட்டும் பொதுவாக்கினார்கள். அந்த வடிவில் பில்லை அனுப்பினால் அரசுத் தளம் 64 எழுத்து எண் ஒன்றைத் தரும். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து அது பிறப்பதால், ஒரே பில்லை இரண்டு முறை பதிய முடியாது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் யார் விற்றது, யாருக்கு, எவ்வளவு என்பது கேட்டிலேயே தெரியும்.

ஆனால் வரித்துறைக்கு வேண்டியது வரி, பாகத்தின் அடையாளம் அல்ல. கார் பம்பருக்கும் பிரேக்குக்கும் எச்.எஸ்.என். என்ற சரக்கு வகைக் குறியீட்டில் தலைப்பு 8708 தான். கீழே இன்னும் பிரித்தாலும் அது எந்த மாடல் பம்பர் என்பது அதில் வராது. வார்ப்புகளைக் கிலோவில் பில் போடுவார்கள், லைனில் எண்ணிக்கையாக எண்ணுவார்கள். இ-இன்வாய்ஸ் படிவம் இரண்டு அளவையும் ஏற்கும், ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தராது. பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணுக்கு இடம் உண்டு, போடுவது கட்டாயமில்லை. அதனால் கம்பெனிகள் தத்தம் வெண்டர் போர்ட்டலில் ஏ.எஸ்.என். என்ற சரக்கு முன்னறிவிப்பைக் கேட்கின்றன. லாரி கிளம்புமுன் அதே விவரத்தை அங்கேயும் ஏற்ற வேண்டும்.

ஜெர்மனியில் வாகனத் தொழில் சங்கமான வி.டி.ஏ., ஷெட்யூலுக்கு 4905, டெலிவரி விவரத்துக்கு 4913 என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே பொது வடிவங்களை வகுத்துவிட்டது. அங்கே போட்டிக் கம்பெனிகளே உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டார்கள். இங்கே உட்கார வேண்டியவர்கள் வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாமும் உதிரிபாகத் தயாரிப்பாளர் சங்கமான ஆக்மாவும் என்பேன். சரக்கின் அடையாளத்தை அரசு வந்து ஒன்றாக்கித் தராது, அதில் அதற்கு வருமானமும் இல்லை.

அதுவரை பட்டறையில் எக்செல் ஷீட்தான் ஓடும்: ஒரு பக்கம் நம் பார்ட் நம்பர், எதிரே ஒவ்வொரு கம்பெனியின் பார்ட் நம்பர். டிராயிங்கில் திருத்தம் வந்தால், அதைத் தேடிப் பிடித்துக் கையால் மாற்ற ஓர் ஆள்.