வணிகர்க்கு ஒப்பீடு தகுமா?

வாணிபம் என்றவுடன் நம் தீவகத்தாரே நினைவுக்கு வருவர். புங்குடுதீவு, வேலணை முதலிய ஊர்களிலிருந்து சென்றோர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திப் பெயர்பெற்றனர். இன்று ஒடியலும் பனங்கட்டியும் இணையவழியாகக் கடல் கடந்து விலைபோகின்றன. அவற்றை விற்போர் தம்மைப் போட்டியாளரோடு ஒப்பிடுதல் தகுமா?

தமக்குள் ஒப்பிடுதல் வேறு. பிறரறிய ஒப்பிடுதல் வேறு. அயல் வணிகரின் நிறை, பொதி, அனுப்பும் விரைவு ஆகியவற்றைக் கண்டு தம் குறையைத் திருத்துதல் அறிவுடைமை. விலையை மட்டும் ஒப்பிட்டு அஞ்சுதலோ பேதைமை. நெடுந்தீவுச் சரக்கு படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அதன்பின் தரைவழி செல்லவேண்டும். யாழ் நகர வணிகருக்கு அச்செலவு இல்லையன்றோ?

அயலவர் பொருளில் கலப்படம் என்று ஆதாரமின்றி விளம்பரஞ் செய்தல் பெரும் பிழை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், போட்டியாளரைப் பொய்யாக இழித்துரைத்தலை நேர்மையற்ற போட்டி எனக் கொள்கிறது.

சட்டம் ஒருபுறமிருக்க, சந்தையில் வாங்குவோர் ஒடியலை முறித்துப் பார்க்கலாம். இணையத்தில் அவர் நம்புவது விற்பவரின் சொல்லையே. அதைப் பிறரைத் தூற்றுவதில் செலவிட்டால் தம் பொருளைப் பற்றிச் சொல்ல என்ன எஞ்சும்? ஆகவே, ஒப்பீடு கணக்கேட்டோடு நிற்கட்டும்; விளம்பரத்தில் தம் சரக்கின் நிறையும் தரமும் விலையும் மட்டும் இருக்கட்டும் என்பதே நம் கருத்து. மற்றதை வாங்குவோரே ஒப்பிட்டுக்கொள்வர்.