தொட்டால் பேசும் சுவர்கள்: தெரியுமா உங்களுக்கு?

பார்வையற்றோருக்கு எழுத்து தந்த லூயி பிரெய்லின் உடல் பாரிஸின் பாந்தியோனில் இருக்கிறது. கைகள் மட்டும் அவர் பிறந்த கூப்வ்ரே கிராமத்திலேயே இருக்கின்றன, தெரியுமா? இறந்து நூறு ஆண்டு கழித்து, 1952இல் பிரான்ஸ் அவரைத் தலைநகருக்குக் கொண்டுபோனது. கைகளை ஊர் விட்டுத்தரவில்லை!

அந்தக் கைகள் 15 வயதில் வடித்த புள்ளிகள் இன்று கலைக்கூடச் சுவர்களில் ஏறிவிட்டன. 1999 வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியில், அமெரிக்க அரங்கின் வெள்ளைச் சுவர் முழுக்கக் கலைஞர் ஆன் ஹாமில்டன் பிரெய்ல் புள்ளிகளைப் பதித்தார். மேலிருந்து அடர் ரோஜா நிறப் பொடி சொரிந்துகொண்டே இருக்கும். புள்ளிகளில் அது தங்கத் தங்க எழுத்து துலங்கும். என்ன எழுத்து தெரியுமா? பழைய நீதிமன்ற வழக்குகளிலிருந்து சார்லஸ் ரெஸ்னிகாஃப் எழுதிய கவிதைகள். அமெரிக்கா பேசத் தயங்கிய வன்முறையெல்லாம் அதில் உண்டு.

பிரெய்லைப் பெரிதாக்கினால் வாசிப்பது கடினமாகிவிடும், தெரியுமா? ஓர் எழுத்துக்கான ஆறு புள்ளிகளும் ஒரே விரல்நுனிக்குள் அடங்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். வாஷிங்டனில் 1997இல் திறந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் நினைவிடத்தில் இதைக் கோட்டைவிட்டார்கள். அங்குள்ள வெண்கலச் சிற்பங்களின் பிரெய்ல் விரலுக்கு அடங்காத அளவு பெரியது. சில புள்ளிகள் எட்டடி உயரத்தில்! சக்கர நாற்காலியில் இருந்து நாடாண்டவரின் நினைவிடத்திலா இப்படி? வேதனைதான். பிரான்சின் நான்த் நகரத்துத் தெருக்கலைஞர் 'தி பிளைண்ட்' தெரிந்தேதான் புள்ளிகளைப் பெரிதாக்குகிறார்: பிளாஸ்டர் அரைக்கோளங்களைச் சுவரில் ஒட்டி, பிரெய்லிலேயே கிராஃபிட்டி!

எல்லாவற்றிலும் என் மனத்தை அள்ளியது நேப்பிள்ஸ்தான். மலைமேல் நிற்கும் சாந்தெல்மோ கோட்டையில் ஏறினால் வெசுவியஸ் எரிமலை, நீல வளைகுடா, நெருக்கியடித்த வீட்டுக் கூரைகள் எல்லாம் ஒரே வீச்சில் விரியும். கண் தெரியாதவருக்கு அங்கே என்ன இருக்கிறது? பாவோலோ புத்து என்ற கலைஞர் மதிலோரம் எஃகுக் கைப்பிடிக் கம்பி அமைத்து, அந்தக் காட்சியைச் சொல்லும் வரிகளை அதிலேயே பிரெய்லில் பொறித்துவிட்டார்! நிலவியல் அறிஞர் ஜுசெப்பே தெ லொரென்ஸோவின் வரிகள் அவை. இத்தாலிய மொழியிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. கம்பியைத் தடவிக்கொண்டே நடந்தால் விரல்வழியே நகரம் வந்துகொண்டிருக்கும். அதே கம்பியைப் பிடித்து நிற்கும் மற்றவர்களுக்கோ ஓர் எழுத்தும் புரியாது. "இதில் என்னங்க எழுதியிருக்கு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியவர் அங்கே கண் தெரிந்தவர்தான்!