அட்டவணையில் இல்லாத ஊர்

அகண்ட காவிரியாக மேற்கிலிருந்து வரும் நதி, முக்கொம்பில் கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவில் தீவாக ஏந்திக்கொண்டு கீழைச் சோழநாட்டை நோக்கிப் போகிறது. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தில் இடிந்து விழுந்தபோது, திருவாரூர்க் கடைமடை வரையில் சம்பா சாகுபடியைப் பற்றிய கவலை பரவியது. ஏனெனில் டெல்டாவின் தண்ணீர்க் கணக்கு ஆரம்பமாவது இவ்விடத்தில்தான். ஒரு யோசனை சட்டமாவதைப் பற்றிய இத்தொடரின் இந்தப் பகுதிக்கு முக்கொம்பை நான் தேர்ந்துகொண்டதற்கும் அதுவே காரணம்.

டெல்டா விளைநிலமாகவே இருக்க வேண்டும் என்ற யோசனை கோட்டையில் பிறந்ததன்று. 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் ஜனங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்த பந்தலில் உரம்பெற்றது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி விதிகளை மத்திய சர்க்கார் 2020 ஜனவரியில் தளர்த்தவே, பிப்ரவரி 9-ந் தேதி தலைவாசலில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்று அறிவித்தார். அவ்வறிவிப்பில் திருச்சிராப்பள்ளியும் கரூரும் அரியலூரும் இருந்தன.

அறிவிப்பு சட்டமாகாது. சட்டம் செய்யச் சபைக்கு அதிகாரம் உண்டா என்பதே வரைவாளர் முன் நிற்கும் முதல் பிரச்னை: அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் விவசாயம் மாநிலப் பட்டியலின் 14-வது இனம்; எண்ணெய் வயல்களோ மத்தியப் பட்டியலின் 53-வது இனம். ஆகவே விவசாயப் பாதுகாப்பு என்ற நிலத்தில் காலூன்றிக்கொண்டு, அங்கே புதிய எண்ணெய்க் கிணறுகளையும், உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றையும் விலக்குவதாக மசோதா அமைந்தது. இது சாமர்த்தியமான வரைவு என்றே கருதுகிறேன்.

பிப்ரவரி 20-ந் தேதி சபையில் அறிமுகமான அம்மசோதா, ஷரத்து ஷரத்தாக அங்கத்தினர் சம்மதம் பெற்று, அன்றைக்கே நிறைவேறியது. அம்மாதம் முடிவதற்குள் ஆளுநர் ஒப்புதலும் கிடைத்தது. எதிர்க்கட்சியான தி.மு.க. அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரி வெளிநடப்புச் செய்தது. தெரிவுக் குழு என்பது சகல கட்சி அங்கத்தினரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, வேண்டுமானால் விவசாயிகளையும் நிபுணர்களையும் வரவழைத்து, வரிவரியாக மசோதாவைப் பரிசீலிக்கும் இடம். தலைமுறைகளுக்கு நிற்க வேண்டிய இச்சட்டத்திற்கு அந்தப் பரிசீலனை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அது கிடைத்திருந்தால், சட்டத்தின் வாலில் தொங்கும் அட்டவணையை யாரேனும் நிதானமாக வாசித்திருப்பார்கள்.

அந்த முதல் அட்டவணையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று மாவட்டங்கள் முழுமையாகவும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் ஐந்தைந்து வட்டாரங்களும் இடம்பெற்றன. அறிவிப்பில் இருந்த திருச்சிராப்பள்ளி இல்லை. உய்யக்கொண்டான் பாயும் வயல்களும், லால்குடி நஞ்சையும், ஸ்ரீரங்கத் தீவின் வாழைத் தோட்டங்களும் இதே காவிரியைக் குடித்து வளர்ந்தும் மண்டலத்துக்கு வெளியே நின்றன. ஏற்கெனவே நடைபெறும் வேலைகளைச் சட்டம் தொடாது என்ற விலக்கும் உள்ளே இருந்தது. பழைய கிணறுகளுக்கு அதனால் இடையூறில்லை.

அட்டவணையில் ஊர்ப்பெயருக்கு எவ்வளவு வலிமை என்பதை மயிலாடுதுறை காட்டியது. 2020 டிசம்பரில் அது நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, மண் மாறவில்லை, ஆறு மாறவில்லை, உழுபவரும் மாறவில்லை. ஆயினும் அப்பெயரை அட்டவணையில் ஏற்றுவதற்கு 2023-ல் சபை திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்ற நேர்ந்தது. அந்தத் திருத்தத்திலும் திருச்சிராப்பள்ளியின் பெயர் சேரவில்லை.

(தொடரும்)