பலகையைப் பிணைக்கும் கலை

மீன்சுருட்டியிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும், அவ்வூருக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன், ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் கடாரம் நோக்கிக் கலங்களைச் செலுத்தினான் என்பதை அவனது மெய்க்கீர்த்தி பறைசாற்றுகிறது. போர்க்கலமாயினும் மீன்பிடி வள்ளமாயினும் மரக்கலத்தின் உறுதியை முடிவு செய்வது மரத்தின் வலிமை மட்டுமன்று. பலகையும் பலகையும் சேரும் இடமே அதன் உயிர்நிலை. மரத்தின் இயல்பும் கடலின் இயல்பும் மாறுபடுந்தோறும் பிணைக்கும் முறையும் மாறிவந்துள்ளது.

நாரால் தைத்த படகு

ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகள் தமிழிடமிருந்து பெற்றுக்கொண்ட சொல் கட்டுமரம். கட்டுதல் என்னும் செயலே அக்கலத்திற்குப் பெயராயிற்று. கட்டுமரத்தில் மரங்களைக் கயிற்றால் கட்டினர்; சோழமண்டலக் கரையின் மசூலாப் படகிலோ பலகைகளைக் கயிற்றால் தைத்தனர். பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, இணைப்பின்மீது நாரோ வைக்கோலோ வைத்து, தென்னைநார்க் கயிற்றை இழுத்துத் தைப்பது அதன் முறை.

சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமையும்வரை, கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்குகளையும் அலைமோதும் கரைக்குக் கொண்டுவந்தவை இப்படகுகளே. இவற்றிற்கு உள்ளே விலாச்சட்டங்கள் இல்லை. அலை தூக்கி மணலில் அறையும்போது, படகின் உடல் சற்றே நெளிந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். விறைப்பாக ஆணியடித்த படகு அதே அறையில் பிளவுபடக்கூடும். தைத்த படகில் நீர் கசியும். அதனை இறைத்துக்கொண்டே செல்லவேண்டும். கயிறு நைந்தால் மீண்டும் தைக்கவேண்டும். நெளியும் தன்மைக்காகத் தச்சர் ஏற்றுக்கொண்ட விலை இது.

தையல்முறை இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட கவுண்டின்யா என்னும் பாய்மரக் கப்பலின் பலகைகள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அசந்தா ஓவியம் ஒன்றில் காணப்படும் கப்பலை அடிப்படையாகக் கொண்டு அது வடிவமைக்கப்பட்டது.

ஆணியும் துருவும்

ஆணி, பலகையை விலாச்சட்டத்தோடு இறுகப் பிணைக்கிறது; பெரிய கலங்களையும் கட்டுவதற்கு அது துணைசெய்கிறது. ஆனால் உப்புநீரில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால் சுற்றியுள்ள மரத்தை நெருக்கி விரிசலிடச் செய்யும், மரத்தையும் மென்மையாக்கிவிடும். ஆகவே கடற்கலங்களில் செம்பு, வெண்கலம், துருவேறா எஃகு ஆகியவற்றாலான ஆணிகளும் திருகாணிகளும் விரும்பப்படுகின்றன. வெவ்வேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால், அவற்றுள் ஒன்று விரைந்து அரிக்கப்படும் என்பதையும் தச்சர் கருத்திற்கொள்ளவேண்டும்.

ஒட்டுப்பலகையின் வருகை

வள்ளம் குடைவதற்கும் கட்டுமரம் கட்டுவதற்கும் பருத்த மரங்கள் வேண்டும். அவை அரிதாகி விலையும் உயர்ந்தபோது, மீனவர்களுக்கு மாற்றுவழி தேவைப்பட்டது. 1980களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகை (பிளைவுட்) வள்ளங்கள் உருவாயின. பியர் கிலெட் என்னும் பொறியாளரும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இம்முயற்சியில் குறிப்பிடத்தக்க பங்காற்றினர்.

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தகடுகளை, ஒன்றன் இழை மற்றொன்றின் இழைக்குக் குறுக்காக அமையுமாறு அடுக்கி ஒட்டியது. எனவே அதன் பரப்பு எளிதில் பிளவுபடாது. ஆனால் அதன் ஓரம் வலுவற்றது. ஓரத்தில் ஆணி அடித்தால் அடுக்குகள் பிரியும். மூடப்படாத ஓரத்தின் வழியே நீர் உள்ளே ஊறும். பரப்பில் வலிமையும் ஓரத்தில் மென்மையும் கொண்ட இப்பலகையைப் பிணைக்க இரு முறைகள் கையாளப்படுகின்றன.

பிணைக்கும் முறைகள்

முதல் முறையில், அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் நீண்ட மரச்சட்டம் பொருத்தப்படும். சட்டத்தில் பசை தடவிப் பலகையை வைத்து, முன்னரே துளையிட்ட இடங்களில் திருகாணிகளை முடுக்குவர். திருகாணியின் தலை பலகைப் பரப்போடு சமமாக அமையவேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் மேலடுக்கு நசுங்கும். பசை இறுகும்வரை பலகையை அசையாமல் பிடித்திருப்பதே இங்குத் திருகாணியின் முதற்பணி. இறுகியபின் சுமையின் பெரும்பகுதியைப் பசையே தாங்கும்.

இரண்டாவது முறை தைத்து ஒட்டுவது. வடிவத்திற்கேற்ப வெட்டிய பலகைகளின் ஓரங்களில் சிறு துளைகளிட்டு, செம்புக் கம்பியைக் கோத்து முறுக்குவர். தட்டைப் பலகைகள் படகின் வடிவம் பெறும். பின்னர் உள்மூலையில் எப்பாக்சி போன்ற பிசினைப் பொடியோடு குழைத்துப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்டுவர். பிசின் இறுகியதும் கம்பிகளை நீக்கிவிட்டு வெளிப்புற இணைப்பையும் கண்ணாடியிழையால் மூடுவர்.

இரு முறைகளிலும், பலகையின் நீளம் போதாதபோது ஓரங்களைச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும். சரிவின் நீளம் பலகைப் பருமனைப்போல் எட்டு மடங்கு இருப்பது பொதுவிதி. 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர் சரிவு தேவை.

தையலும் தையலும்

மசூலாப் படகிலும் தையல் உண்டு. ஒட்டுப்பலகை வள்ளத்திலும் தையல் உண்டு. ஆயினும் இரண்டின் பணியும் வேறு. நார்க்கயிறு படகின் வாழ்நாள் முழுதும் சுமை தாங்கி, அலைக்கேற்ப நெகிழ்ந்துகொடுத்தது. செம்புக் கம்பியோ வடிவம் நிலைபெறும்வரை மட்டும் பிடித்திருந்து விலகிக்கொள்கிறது. வண்ணம் பூசியபின் இணைப்புகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓரத்தை மூடாமல் விட்ட பிழையும், பசை தடவாமல் விட்ட இடமும் அவ்வண்ணத்துக்குள் மறைந்துவிடும். ஆனால் கடல் அவற்றைக் கண்டுபிடித்துவிடும். கரையில் தச்சர் காட்டும் கவனமே கடலில் மீனவரின் உயிருக்குக் காப்பு.